பாணுக்கு விசா கேட்காதீர்கள்

போன சனிக்கிழமை மகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தால் வந்து, கொப்பியை மேசையில் எறிந்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எடுத்துப் பார்த்தேன். காலைச் சாப்பாடு பற்றிப் பத்து வசனம். "நான் காலையில் பாணும் பட்டரும் சாப்பிடுவேன்" என்று எழுதியிருக்கிறாள். பாண் என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு குறிப்பு: பாண் தமிழ்ச்சொல் அன்று, வெதுப்பி என எழுதுக. (பட்டர் எப்படியோ தப்பிவிட்டது!)

ரீச்சரில் எனக்குக் கோபமில்லை. கிழமை முழுக்க வேலை செய்துவிட்டு, ஓய்வெடுக்க வேண்டிய நாளில் வந்து எங்கட பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிற ஆட்களைக் குறை சொன்னால் வாய் அழுகும். ஆனால் அந்தச் சிவப்பு வட்டம் எனக்குள் ஏதோ செய்தது. ஏனென்று யோசித்தபோது நினைவுக்கு வந்தது ஒரு தமிழ்ச்சொல் இல்லை. போலந்துக்காரரின் சொல். சுத்தி வளைச்சுத்தான் வரப்போகிறேன், பொறுத்துக் கொள்ளுங்கோ.

நான் லண்டன் வந்து கனகாலம் நின்று வேலை செய்தது ஈலிங் பக்கத்தில் எங்கட ஆள் ஒருவரின் கடையில். அந்தப் பக்கம் போலந்துச் சனம் கூட. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊருக்குத் திரும்ப முடியாமல் நின்றுவிட்ட போலந்துப் படையினருக்காகப் பிரித்தானியா 1947 இல் ஒரு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அப்படி நின்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒருபக்கம். 2004 மே மாதம் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு வேலைக்கென்று வந்தவர்கள் இன்னொரு பக்கம். 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலந்து மொழியைத் தங்கள் முதன்மை மொழி என்று சொன்னவர்கள் ஆறு இலட்சத்துக்கு மேல். ஆங்கிலத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

முதலாளி வியாபாரம் தெரிந்த மனுசன். முருங்கைக்காய்க்குப் பக்கத்திலேயே போலந்து ஊறுகாயையும் அவர்களின் கறுத்தப் பாணையும் அடுக்கினார். நான் பழகிய முதல் போலந்துச் சொல் அப்படித்தான் வந்தது: ஹ்லெப். பாண்.

கொஞ்ச நாளில் ஒரு விசயத்தைக் கவனித்தேன். வீடு கட்டுகிற வேலைக்காரர், உக்ரைன்காரர் ஒருவர் வருவார். அவர் கேட்கிறது ஹ்லீப். பல்கேரியாப் பெண் ஒருத்தி, அவளுக்கு ஹ்லியாப். ரஷ்யன் கதைக்கிற லித்துவேனியாக் கிழவருக்கு ஹ்லியெப். மசிடோனியாக்காரர் தலையை வெட்டிவிட்டு வெறும் லெப் என்பார். எல்லாரும் கையைக் காட்டுகிறது ஒரே தட்டுக்குத்தான்.

கடையில் பகுதி நேரம் நின்ற போலந்துப் பெடியன் ஒருவன் மொழியியல் படித்துக் கொண்டிருந்தான். அவனிடம் கேட்டேன். பற்றுச்சீட்டுச் சுருளில் ஒரு துண்டைக் கிழித்து, நடுவில் ஒரு சொல்லை எழுதி, அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டான்.

*ஹ்லேபு.

"இதுதான் எல்லாத்துக்கும் பேரன்" என்றான். முதலில் வரும் அந்த ஒலி எங்கட 'பகல்', 'அகம்' என்பதில் நடுவில் வருகிற ககரத்துக்குக் கிட்ட வரும். ஸ்லாவ் மொழிகள் பிரியமுதல், ஏறக்குறைய ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முன் அந்தச் சனம் எல்லாம் பேசிய மூல மொழியின் சொல்.

"நட்சத்திரம் என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"இந்தச் சொல்லை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. கல்வெட்டில்லை, புத்தகமில்லை. ஆவணம் இல்லாத சொல் எண்டதுக்கு அடையாளம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆவணம் இல்லாத சொல்லை எப்படி உண்டென்று சொல்கிறார்கள்? பேரப்பிள்ளைகளைத் தனித்தனியே விசாரித்துத்தான். ரஷ்யனில் ஹ்லியெப், உக்ரைனில் ஹ்லீப், பல்கேரியனில் ஹ்லியாப். தற்செயலாக இருக்கலாமே என்று சந்தேகப்படலாம். சரி, 'வெள்ளை' என்பதற்குக் கேளுங்கள். ரஷ்யனில் பியெலி, உக்ரைனில் பீலி, பல்கேரியனில் பியால். பாணில் எந்த இடத்தில் எந்த உயிரொலி மாறியதோ, வெள்ளையிலும் அதே இடத்தில் அதே மாதிரி மாறுகிறது. ஒருவரோடு ஒருவர் கதைத்து வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல ஏலாது. பல நூறு வருசமாகப் பிரிந்து கிடந்த உறவுகள், ஒரே கதையைத் தங்கள் தங்கள் உச்சரிப்பில் சொல்கிறார்கள். அந்தச் சாட்சியம் போதும் என்று மொழியியல் ஏற்றுக்கொள்கிறது. 9ஆம் நூற்றாண்டில் சிரிலும் மெதோடியசும் வேதாகமத்தை ஸ்லாவ் மொழிக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்தச் சொல்லின் ஒரு வடிவம் எழுத்தில் வருகிறது. அதற்கு முந்தினதுக்கெல்லாம் சாட்சி பிள்ளைகளின் வாய் மட்டும்தான்.

இதே முறையில் எங்கட வீட்டையும் பார்த்திருக்கிறார்கள். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961 இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்தது. தமிழில் செவி, தெலுங்கிலும் செவி, கன்னடத்தில் கிவி. அறிஞர்கள் மூலச்சொல்லை நட்சத்திரம் போட்டு *கெவி என்கிறார்கள். அதாவது அந்த முதல் ஒலியில் பழசைக் காப்பாற்றி வைத்திருப்பது கன்னடம். மாறிப்போனது நாங்கள். தமிழ்தான் எல்லாவற்றுக்கும் தாய் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைக் கேட்டால் கோபிப்பார்கள். மூத்த அக்காவாக இருப்பதிலும் ஒரு மரியாதை இருக்கத்தானே?

இனி அந்த 'வேறொன்று'. நான் இந்த நாட்டில் அகதி விண்ணப்பம் போட்டு நேர்முகத்துக்குப் போனபோது என் கையில் பிறப்புச் சான்றிதழ் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவில் எது கைக்குள் வந்தது, எது வரவில்லை என்று யாருக்குத் தெரியும்? அம்மா கேத்திலைத் தூக்கிக்கொண்டு வந்தா, பத்திரங்கள் இருந்த ரங்குப்பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. விசாரித்தவர் திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான்: "ஆவணம் இருக்கா?" எனக்கு முன்பே வந்த மச்சான் சொன்னார், சித்தப்பா கடிதம் எழுதினார், ஊர்க் கோயில் ஐயர் எழுதினார். எல்லாரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். அதையே காரணம் காட்டி, பேசி வைத்துச் சொல்கிறார்கள் என்று முதல் முறை நிராகரிப்பு வந்தது. ஆயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முந்தின பாணுக்குக் கிடைத்த நியாயம் எனக்குக் கிடைக்க மேலும் நான்கு வருசம் பிடித்தது. அந்த நான்கு வருசமும் என் பெயருக்கு முன்னாலும் ஒரு நட்சத்திரம் இருந்ததென்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆனால் கதையின் உண்மையான திருப்பம் இனித்தான். *ஹ்லேபு ஸ்லாவ் சனத்தின் சொந்தச் சொல்லே இல்லை!

பெரும்பாலான அறிஞர்களின் முடிவு, அது ஜேர்மானிய மொழி பேசிய அயலவரிடமிருந்து வாங்கியது என்பது. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா கோத்தியருக்காக மொழிபெயர்த்த வேதாகமத்தில் பாணுக்கு 'ஹ்லைஃப்ஸ்' என்றுதான் இருக்கிறது. சொல்லின் தலையில் நிற்கும் அந்த ஹகர ஒலியே அது வந்த வழியைக் காட்டுகிறது. பழைய ககரத்தை அப்படி மாற்றுவது ஜேர்மானியக் குடும்பத்தின் பழக்கம். ஸ்லாவ் மொழியில் தானே பிறந்த சொல்லென்றால் அந்த இடத்தில் ககரம்தான் நின்றிருக்க வேண்டும். அடுப்பில் வேகவைத்துப் பொங்கவைக்கிற பாண் என்ற பொருளோடு சேர்ந்தே சொல்லும் வந்திருக்கும் என்பது ஒரு கருத்து. தனியாகவும் வரவில்லை. 'வாங்கு' என்பதற்குப் போலந்துக்காரர் சொல்லும் குபிச், அரசனைக் குறிக்கும் க்னெஸ், கண்ணாடிக்கு ரஷ்யர் சொல்லும் ஸ்திக்லோ, இவையெல்லாம் அதே வழியால் வந்த கூட்டாளிகள்.

அந்த ஹ்லைஃப்ஸின் தங்கச்சி ஒருத்தி இந்தத் தீவுக்கும் வந்திருக்கிறாள். பழைய ஆங்கிலத்தில் பாணுக்குப் பெயர் ஹ்லாஃப். தலை தேய்ந்து இன்றைக்கு லோஃப். அதிலிருந்து பிறந்த இரண்டு சொற்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். லோர்ட் என்பது 'ஹ்லாஃப்-வெஆர்ட்', பாணைக் காவல் காக்கிறவன். லேடி என்பது பாணுக்கு மா குழைக்கிறவ. வீட்டில் அண்டி வாழ்கிற வேலையாளுக்குப் பழைய சட்டத்தில் 'பாண் தின்னி' என்று பெயர். ஆக, வெஸ்ற்மின்ஸ்ரரில் செங்கம்பளக் கதிரையில் இருக்கிற பிரபுக்கள் சபை உண்மையில் பாண் காவல்காரர் சபை! ஓகஸ்ற் முதலாம் திகதி புதுக் கோதுமையில் சுட்ட முதல் பாணைக் கோயிலுக்குக் கொண்டுபோகிற லம்மாஸ் திருநாளின் பெயரிலும் இதே ஹ்லாஃப்தான் ஒளிந்திருக்கிறது. எங்கட ஊரில் தைப்பூசத்தன்று புதிர் எடுக்கிறதை நினைத்துக் கொள்ளுங்கள்.

கடையில் ஈலிங் போலந்து ஆச்சி ஒருத்தி வெள்ளைக்காரக் கிழவர் ஒருவருக்குப் பக்கத்தில் வரிசையில் நிற்பா. அவ ஹ்லெப் கேட்பா, அவர் லோஃப் கேட்பார். ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் என் கல்லாப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறதைப் பார்த்துக்கொண்டு நான் சில்லறை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

வெளியிலிருந்து வந்த சொல் என்பதற்காக ஸ்லாவ் சனம் அதைத் திண்ணையில் வைக்கவில்லை. சுவாமி அறைக்குள் வைத்தார்கள். போலந்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பொம்பிளையைப் பெற்றோர் வரவேற்பது பாணும் உப்பும் கொடுத்து. ரஷ்யரும் உக்ரைனியரும் பெரிய விருந்தாளியை வரவேற்பதும் அப்படித்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்கிற எங்களுக்கு இது விளங்கும். பழைய போலந்துச் சனம் பாண் துண்டு நிலத்தில் விழுந்தால் எடுத்துக் கொஞ்சும். ரஷ்யனில் அதே சொல்தான் வயலில் நிற்கும் தானியத்துக்கும் பெயர். 1941 நவம்பரில் முற்றுகைக்குள் கிடந்த லெனின்கிராட்டில் தொழிலாளர் அல்லாத ஒருவருக்கு ஒரு நாளுக்கு 125 கிராம் ஹ்லியெப் என்று பங்கீடு குறைக்கப்பட்டது. அந்த 125 கிராமைக் கையில் வைத்துக்கொண்டு, இது கோத்தியரின் சொல்லாயிற்றே என்று யாரும் யோசித்திருப்பார்களா?

எங்கட பாணுக்கும் அதே மாதிரி ஒரு பயணக் கதை இருக்கிறது. 1505 இல் போர்த்துக்கேயர் இலங்கையில் இறங்கினார்கள், 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், 1658 இல் ஒல்லாந்தரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது சொற்களைக் கொண்டு போகவில்லை. பாண் மட்டுமா? கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து எல்லாம் அவர்களோடு வந்தவை. கந்தோர் ஒல்லாந்தரோடு வந்தது. ஜப்பான்காரரும் போர்த்துக்கேயரிடமிருந்து எடுத்து இன்றுவரை 'பன்' என்றுதான் சொல்கிறார்கள். சிங்களவரும் பாண் என்றுதான் சொல்கிறார்கள். எத்தனை விசயத்தில் வேறுபட்டாலும், காலமை பேக்கரி வாசலில் இரண்டு சனமும் கேட்டது ஒரே சொல்லை.

சொல்லின் மூலத்தையும் உச்சரிப்பையும் பிடித்துக்கொண்டு ஆட்களைப் பிரிக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1983 யூலையில் கொழும்பில் ஆட்களை மறித்து, வாளியைக் காட்டி 'பால்திய' என்று சொல்லச் சொன்ன கதையை எங்கட வீடுகளில் கேட்காத ஆள் இல்லை. முதல் எழுத்துத் தமிழ் வாயில் வேறுமாதிரி வந்தால் ஆள் முடிஞ்சுது. இதில் கொடுமை என்னவென்றால் அந்தச் சொல்லே சிங்களம் இல்லை. போர்த்துக்கேயரின் 'பால்டே'. நீ இந்த மண்ணுக்குரியவனா என்று சோதிக்க எடுத்த தராசே கப்பலில் வந்த தராசு.

2022 இல் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் வந்தபோது உக்ரைன்காரர் சந்தேகப்பட்டவர்களை 'பல்யனித்சியா' என்று சொல்லச் சொன்னார்கள். அது ஒரு வகைப் பாணின் பெயர். ரஷ்ய வாய்க்கு அது சரியாக வராது. படையெடுத்து வந்தவனைக் கண்டுபிடிக்கிறதும், வீட்டில் இருந்தவனை இழுத்து எரிக்கிறதும் ஒன்றில்லை, அதை நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் பாண் ஒரு கடவுச்சொல் ஆகிற காலம் நல்ல காலம் இல்லை. யூகோஸ்லாவியா உடைந்தபோதும் சேர்பியரின் ஹ்லெப்பா, குரோவேசியரின் க்ருஹா என்பதே நீ எந்தப் பக்கம் என்பதற்கு அடையாளமாகிப் போனது.

இனிச் சிவப்பு வட்டத்துக்கு வருகிறேன். தனித்தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1916 இல் மறைமலை அடிகள் தொடக்கிய அந்த இயக்கம் இல்லாவிட்டால் இன்றைக்கு எங்கட எழுத்தில் பாதி சமஸ்கிருதமாக இருந்திருக்கும். வெதுப்பகம் என்ற சொல் எனக்குப் பிடிக்கும். அதைப் பெயர்ப்பலகையில் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அது வெறும் மொழிபெயர்ப்பு இல்லை, ஒரு காலத்தின் நினைவு. வெதுப்பியும் இருக்கட்டும். பிள்ளைக்கு இரண்டையும் சொல்லிக் கொடுங்கள்.

ஆனால் பாண் பிழை என்று சொல்லாதீர்கள். நானூறு வருசம் ஒரு சனத்தின் வாயில் இருந்த சொல்லை எந்தக் கணக்கில் அந்நியன் என்பது? தொல்காப்பியரே இயற்சொல், திரிசொல் என்பதோடு நிற்காமல் திசைச்சொல், வடசொல் என்று வெளியில் இருந்து வந்தவற்றுக்கும் இடம் ஒதுக்கித்தான் வைத்தார். கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் சுருட்டும் ஆங்கில அகராதிக்குள் போனதை நாங்கள் மார்தட்டிச் சொல்கிறோம். எங்கட சொல் அங்கே போனால் பெருமை, அவர்களின் சொல் இங்கே வந்தால் தீட்டா? இந்த நாட்டில் எங்களைப் பார்த்து "எத்தனை வருசம் இருந்தாலும் நீ இங்கத்தையான் இல்லை" என்கிறவனுக்கு நாங்கள் என்ன பதில் சொல்கிறோமோ, அதே பதிலைத்தான் பாணும் எங்களுக்குச் சொல்லும்.

ரீச்சரின் பயம் எனக்கு விளங்குகிறது. இங்கே பிறந்த பிள்ளைகளின் வாயில் தமிழ் நாளுக்கு நாள் குறைகிறது. குறைகிற இடத்தில் இருக்கிறதையாவது சுத்தமாக வைத்திருப்போம் என்ற ஆசை. ஆனால் யோசித்துப் பாருங்கள். என் மகளுக்கும் ஊரில் இருக்கிற அம்மம்மாவுக்கும் இடையில் தொலைபேசியில் ஓடுகிற தமிழ் மொத்தமே ஒரு இருநூறு சொல்தான். "சாப்பிட்டனியோ ராசாத்தி?" "ஓம் அம்மம்மா." "என்ன சாப்பிட்டனி?" "பாண்." "பாணோ? என்னத்தோட?" அந்த இருநூறில் ஒன்றுக்குச் சிவப்பு வட்டம் போட்டால் மகள் வெதுப்பி என்று சொல்லப் போவதில்லை. அடுத்த முறை 'பிரெட்' என்றுதான் சொல்லப் போகிறாள். அம்மம்மா "என்ன?" என்று கேட்பா. மகள் போனை என்னிடம் தருவாள். மொழி சாகிறது அப்படித்தான்.

*ஹ்லேபு கோத்தியரிடமிருந்து வந்தது என்பதால் சாகவில்லை. வந்ததை வீட்டுப் பிள்ளையாக வளர்த்ததால்தான் இன்றைக்கும் பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் உயிரோடு இருக்கிறது. எழுதி வைக்காமல் போனதும் அதைக் கொல்லவில்லை. தாய் பிள்ளைக்குக் கொடுக்கும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தாள், அவ்வளவுதான்.

பின்னேரம் மகள் அறையை விட்டு வெளியில் வந்து, "அப்பா, பாண் தமிழா இல்லையா?" என்று கேட்டாள்.

"அம்மம்மாட்டக் கேள்" என்றேன்.

அடித்துக் கேட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அம்மாவின் குரல் வந்தது: "இதென்ன கேள்வி பிள்ளை? பாண் பாண்தான். நீ சாப்பிட்டனியோ, அதைச் சொல்லு."